சம்பளமில்லாத ஓவர்டைமின் பெயர் ஆர்வம்

ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து ஷூ கம்பெனிகளின் வாசலில் ‘ஆள் தேவை’ என்று தொங்கும் பலகைகளில் இருப்பது இவ்வளவுதான்: கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங் என்று பிரிவின் பெயர், முன் அனுபவம், பஸ் வசதி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஷூவின் மேல்தோலைத் தைப்பதில் தணியாத வேட்கை உடையவர்கள் மட்டும் வரவும் என்று எந்தக் கம்பெனியும் எழுதிவைப்பதில்லை. எழுதினால் ஊரே சிரிக்கும். அதே ஊரில், அதே தெருவில், பொறியியலோ பி.சி.ஏ.வோ முடித்துவிட்டு இணையதளம், செயலி உருவாக்கும் வேலை தேடுகிற பிள்ளைகள் பார்க்கும் விளம்பரங்களில் ‘பேஷன்’ இல்லாத விளம்பரம் அபூர்வம். வேலையைச் செய்யத் தெரிந்தால் போதாது, அதன்மேல் காதலும் வேண்டும் என்கிறது இந்தத் தொழில். இரண்டு மூன்று வருடத்தில் அந்தக் காதல் வற்றி, தூக்கம் கெட்டு, திங்கட்கிழமை என்றாலே வயிற்றைப் பிசைகிற நிலை வரும்போது கிடைக்கும் அறிவுரையும் அதே திசையில்தான் வருகிறது: ஆர்வத்தைப் புதுப்பித்துக்கொள், தியானம் செய், விடியலில் எழு, புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள். இந்த அறிவுரை விஷயத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறது என்பது என் கட்சி. ஆர்வம் குறைந்ததால் மன அழுத்தம் வரவில்லை. எல்லை வகுக்கப்படாத வேலைதான் ஆர்வத்தைத் தின்றது. அந்த எல்லை இல்லாமல் போனதற்கும் பெரும்பாலும் ஆர்வத்தின் பெயரே காரணமாகச் சொல்லப்பட்டது.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் வட்டாரத்தில் இந்தக் கேள்வி இப்போது வீட்டுக் கேள்வியாகிவிட்டது. தாத்தா தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியருகே நின்றவர், அம்மா ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருப்பவர், பிள்ளை லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பவர் என்ற வரிசை இங்கே அதிசயமில்லை. 1919-இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி முதல், 1984-இல் வேலூர் பொறியியல் கல்லூரியாகப் பிறந்து இன்று வி.ஐ.டி. என்று அறியப்படும் பல்கலைக்கழகம் வரை, படிப்பதற்கு இடம் உள்ளூரிலேயே இருந்தது. வேலைதான் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பும் ஏலகிரி எக்ஸ்பிரஸ் அந்த ஏற்பாட்டின் சின்னம். 2020-இன் ஊரடங்கு வேலையையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. வேலூருக்கு அருகே மேல்மொணவூரில் மினி டைடல் பூங்காவும் எழுந்திருக்கிறது. பயணம் மிச்சம், வாடகை மிச்சம், அம்மா கைச் சோறு. ஆனால் ரயில் நேரம் என்று ஒன்று இருந்தபோது, அதற்காகவாவது கணினியை மூடியாக வேண்டியிருந்தது. இப்போது அதுவும் இல்லை. நியூயார்க்கில் காலை பத்து மணி என்றால் ஆம்பூரில் இரவு ஏழரையோ எட்டரையோ ஆகியிருக்கும். கலிஃபோர்னியாவில் காலை பத்து என்றால் இங்கே இரவு பத்தரை தாண்டிவிடும். வாடிக்கையாளரின் காலைக் கூட்டம் இங்கே இராச்சாப்பாட்டின்மீதும் தூக்கத்தின்மீதும் விழுகிறது.

வேலைச் சோர்வு என்று நாம் மேலோட்டமாகச் சொல்வதற்கு ஆய்வுலகில் ஐம்பது ஆண்டு வரலாறு உண்டு. 1974-இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், இலவச மருத்துவமனைகளில் சேவை மனப்பான்மையோடு உழைத்த இளைஞர்கள் நாளடைவில் கருகிப்போவதைப் பார்த்து ‘பர்ன்அவுட்’ பற்றி எழுதினார். முதலில் கருகியவர்கள் அக்கறையற்றவர்கள் அல்ல, மிகுந்த அக்கறையோடு வந்தவர்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் இதை அளக்க ஒரு வினாநிரலை உருவாக்கினார்கள். 2019-இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் இதற்கு மூன்று அடையாளங்களைக் குறித்தது: சக்தி வற்றிப்போவது, வேலையின்மேல் ஒட்டுதல் விட்டுப்போய்க் கசப்பு சேர்வது, செய்வது எதுவும் உருப்படியாக இல்லை என்ற எண்ணம் வளர்வது. அந்த நிறுவனம் இதை நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத, நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்றுதான் சொன்னது. அதாவது, பிறப்பிடம் பணியிடம். இதற்கு முன்பே, 1979-இல், ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் ஒன்றைக் காட்டியிருந்தார்: வேலைச்சுமை அதிகமாக இருப்பது மட்டும் ஆளை உடைப்பதில்லை, சுமை அதிகமாகவும் அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் மனம் அதிகம் நசுங்குகிறது. எந்தத் தேதிக்குத் தளம் வெளியாக வேண்டும் என்பதை விற்பனைப் பிரிவு முடிவு செய்துவிடும், அதற்காக இராவிழிப்பது மட்டும் நிரல் எழுதுபவரின் பொறுப்பு என்ற நம்மூர் நடைமுறையைக் கராசெக்கின் அட்டவணையில் எங்கே வைப்பது என்று யோசிக்கவே தேவையில்லை.

ஆர்வத்தைப் பற்றியும் தனியே ஆய்வுகள் உண்டு. கனடாவைச் சேர்ந்த ராபர்ட் வாலராண்டும் அவர் குழுவினரும் 2003-இல் ஆர்வத்தை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று, வாழ்க்கையின் மற்ற பகுதிகளோடு இசைந்து இருப்பது. அந்த ஆர்வமுள்ளவர் வேலையை விரும்பிச் செய்வார், விரும்பியபோது கீழே வைக்கவும் அவரால் முடியும். மற்றது, ஆளைப் பிடித்துக்கொள்வது. வேலையை விட்டு எழுந்தால் குற்றவுணர்வு, தோற்றால் தானே ஒன்றுமில்லை என்ற நினைப்பு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். இரவு பதினொரு மணிக்கு நிரலில் மூழ்கியிருப்பவர் எந்த வகை என்று மேலாளருக்குத் தெரியாது, பல நேரம் அவருக்கே தெரியாது. வைக்க முடிகிறதா என்பதுதான் சோதனை. ஒரு தொழிலின் வழக்கங்கள், கீழே வைக்க முடிகிறவரைச் சோம்பேறி என்றும் வைக்க முடியாதவரை அர்ப்பணிப்பு உள்ளவர் என்றும் பெயரிட்டால், முதல் வகை ஆர்வம் கொண்டு உள்ளே வருபவரும் நாளடைவில் இரண்டாம் வகைக்குத் தள்ளப்படுவார். பதவி உயர்வும் பாராட்டும் எந்த வகைக்குப் போகிறது என்பதை அலுவலகத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்.

இதைவிட உறுத்தலான ஓர் ஆய்வு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஆரன் கே உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்டது. ஒரு ஊழியருக்கு வேலையில் மிகுந்த ஆர்வம் உண்டு என்று சொல்லப்பட்டபோது, அவரைக் கூடுதல் நேரம் சம்பளமின்றி வேலை வாங்குவதும், விடுமுறையில் அழைப்பதும், அவருடைய பொறுப்பில் சேராத வேலையைத் தலையில் கட்டுவதும் தப்பில்லை என்று மக்கள் அதிகம் கருதினார்கள். காரணம் எளிது: அவருக்குத்தான் இது பிடித்திருக்கிறதே, வேலையே அவருக்குப் பரிசு, எப்படியும் அவராகவே செய்ய முன்வந்திருப்பார். கெட்ட மனம் படைத்த முதலாளிகளைப் பற்றிய ஆய்வல்ல இது. சாதாரண மனிதர்கள் இப்படி நினைக்கிறார்கள் என்பதுதான் செய்தி. ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைனில் இருக்கும் பெண்ணிடம் ‘உனக்குத்தான் தையல் பிடிக்குமே, இன்னும் இரண்டு மணி நேரம் சும்மா தை’ என்று சொல்ல யாருக்கும் நா எழாது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று கோடு போட்டு, அதைத் தாண்டினால் இரட்டைக் கூலி என்று எழுதிவைத்தது. நடைமுறையில் அந்தக் கோடு எத்தனை இடத்தில் அழிக்கப்படுகிறது என்பது வேறு விஷயம். கோடு என்று ஒன்று இருப்பதாவது எல்லோருக்கும் தெரியும். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது கிளம்பிய எதிர்ப்பில், சில நாட்களிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டு மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. தொழிற்சங்கங்கள் அதை எதிர்க்க முடிந்ததற்கு, எதிர்க்க ஓர் எண் இருந்தது ஒரு காரணம். இணையத் தொழிலில் பலர் எந்த மசோதாவும் இல்லாமலேயே அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தைக் கடந்துபோய்விட்டார்கள்.

நேரத்தைக் கூட்டினால் வேலை கூடுமா என்பதற்கும் பழைய ஆதாரம் இருக்கிறது. முதல் உலகப்போரின்போது பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களின், பெரும்பாலும் பெண்களின், மணிக்கணக்கும் உற்பத்திக் கணக்கும் பதிவாகி இருந்தன. ஸ்டான்ஃபோர்டின் பொருளியலாளர் ஜான் பென்கவல் 2014-இல் அவற்றை மறுபடி அலசினார். வாரம் 49 மணி வரை, நேரம் கூடக் கூட உற்பத்தியும் அதே விகிதத்தில் கூடியது. அதற்குமேல் கூடுதல் குறையத் தொடங்கியது. 70 மணி நேர வாரத்தின் உற்பத்திக்கும் 56 மணி நேர வாரத்தின் உற்பத்திக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. 2023-இல் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி உழைக்க வேண்டும் என்று சொன்னதும், 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்பிரமணியன் 90 மணியைச் சொன்னதும் நினைவிருக்கலாம். நூறு வருடத்துக்கு முந்தைய அந்தக் குண்டு தயாரிப்பாளர்களின் கணக்கேடு இவர்கள் பார்வைக்கு வந்திருக்காது போலும். உடலின் கணக்கு இன்னும் கடுமை: வாரம் 55 மணியோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதமும் மாரடைப்பு போன்ற இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கூட்டாக வெளியிட்ட மதிப்பீடு சொன்னது. நிரல் எழுதுவது தோட்டாவில் மருந்து அடைப்பதைவிட மூளையைக் கசக்கும் வேலை. களைத்த மூளை எழுதும் நிரலில் பிழை கூடும். அந்தப் பிழையைத் தேடுவதற்கு மறுநாள் போகும்.

இப்போது பாலாற்றுக்கு வருவோம். ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் தேவைப்படுகிறது, அது கழிவாக வெளியேறுகிறது, தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழாகிவிட்டது என்ற விவரங்கள் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கு, வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அளித்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடிக்கல்லாக இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது. தொழில் நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டுகிறது, வேலை கொடுக்கிறது என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்றது. அதுவரை தோலின் விலையில் சேராமல், கிணற்றுக்காரர் தலையிலும் நெல் விளைவித்தவர் தலையிலும் விழுந்துகொண்டிருந்த செலவை, அதை உண்டாக்கியவரின் கணக்கில் எழுதச் சொன்ன தீர்ப்பு அது. இணையத் தொழிலின் மன அழுத்தத்தையும் இந்த வட்டாரம் இந்தக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். நியாயமற்ற கெடு வைப்பவர் ஒருவர், அதன் லாபம் பெறுபவர் ஒருவர். அதன் கழிவு போய்ச் சேர்வதோ வீட்டில்: தூக்கம் கெட்ட கணவன், எரிந்து விழும் மகள், முப்பத்திரண்டு வயதில் இரத்த அழுத்த மாத்திரை, பிள்ளையின் பள்ளிக்கூட நிகழ்ச்சிக்குப் போகாத தாய். நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பில் இதில் ஒன்றும் ஏறாது. ‘மனத்தை நீயே சரிசெய்துகொள்’ என்ற அறிவுரை, கிணற்றுக்காரரிடம் வடிகட்டி வாங்கிக்கொள் என்பதற்கு ஒப்பு.

தோல் ஷாப்பில் இரசாயனத்தில் கை வெந்தவர்களோடு குளிர்சாதன அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை ஒப்பிடுவது அவமதிப்பு என்ற மறுப்பு இங்கே எழும், எழ வேண்டும். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் இறந்தார்கள். இணையத் தொழிலில் அதற்கு இணை எதுவுமில்லை. சம்பளத்திலும் இணை இல்லை. ஆனால் ஒரு துன்பம் பெரியது என்பதால் மற்றது இல்லாததாகிவிடாது. மேலும், நான் ஒப்பிடுவது துன்பங்களை அல்ல, கணக்கு எழுதும் முறையை. உடல் சேதத்துக்காவது கண்ணால் காணும் அடையாளம் உண்டு, இழப்பீடு கேட்க வழி உண்டு. மனச் சேதத்துக்கு அதுவும் இல்லாததால், பாதிக்கப்பட்டவரே தன் பலவீனம் என்று நினைத்து மறைக்கிறார்.

கோடு போட்டால் வேலை வேறு நாட்டுக்குப் போய்விடும், மிச்சத்தைச் செயற்கை நுண்ணறிவு எடுத்துக்கொள்ளும் என்பது அடுத்த மறுப்பு. பயம் நியாயமானது, நல்ல வேலைச் சந்தை இல்லாத நேரத்தில் எல்லை பேசுவது எளிதல்ல. ஆனால் இதே வாதம் 1996-இல் தோல் தொழிலின் சார்பிலும் வைக்கப்பட்டது. தீர்ப்புக்குப் பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் செலவு தொழிலின் கணக்கில் ஏறியது. சில தோல் ஷாப்புகள் மூடின. ஆனால் தொழில் வட்டாரத்தை விட்டுப் போகவில்லை. ஆம்பூரிலிருந்து ஷூக்கள் இன்றும் உலகச் சந்தைக்குப் போகின்றன. சீனாவின் இணைய நிறுவனங்களில் காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை, வாரம் ஆறு நாள் என்ற ‘996’ வழக்கத்தை எதிர்த்து 2019-இல் நிரலாளர்கள் கிட்ஹப் தளத்திலேயே கிளர்ந்தார்கள். 2021 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த வழக்கம் சட்டவிரோதம் என்றது. சீன இணையத் தொழில் அதனால் படுத்துவிடவில்லை. மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்: தீர்ப்பு வந்தால் ஆறு தெளிந்துவிடாது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே வேலூர் தோல் கழிவு விஷயத்தில் மறுபடி இழப்பீட்டுக்கும் கண்காணிப்புக் குழுவுக்கும் உத்தரவிட வேண்டியிருந்தது. சட்டத்தில் இருப்பது பணியிடத்துக்கு வந்து சேர யாராவது தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஐ.டி. நிறுவனங்களுக்குத் தொழிலாளர் சட்டங்கள் பொருந்தும், ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016-இலேயே தெளிவுபடுத்தியது. எத்தனை பேருக்குத் தெரியும்?

இணைய வேலை அச்சில் வார்க்கும் வேலையல்ல, நள்ளிரவில் சர்வர் விழுந்தால் சங்கு ஊதிவிட்டது என்று போய்ப் படுக்க முடியுமா என்றும் கேட்பார்கள். முடியாதுதான். ஆனால் நள்ளிரவு அவசரத்தையும் அளந்து எல்லை வகுக்கலாம் என்று இந்தத் தொழிலே காட்டியிருக்கிறது. கூகுள் தன் தளங்களைக் காக்கும் பொறியாளர்களின் வேலைமுறையை 2016-இல் புத்தகமாகவே வெளியிட்டது. அவர்கள் நேரத்தில் பாதியாவது நிரந்தரத் தீர்வுகளைக் கட்டும் பொறியியல் வேலைக்குப் போக வேண்டும். அவசர அழைப்புப் பொறுப்பு கால் பங்கைத் தாண்டக் கூடாது. பன்னிரண்டு மணி நேர முறை ஒன்றில் இரண்டு சம்பவங்களுக்கு மேல் ஒருவர் தலையில் விழக் கூடாது. தவறு நடந்தால் ஆளைக் குற்றம் சாட்டாமல் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். கூகுளிடம் பணம் இருக்கிறது, அதனால் முடிகிறது என்று சொல்லலாம். இதில் பணம் கேட்பது ஆள் எண்ணிக்கை மட்டும்தான். எத்தனை முறை நள்ளிரவில் யாரை எழுப்பினோம் என்று எழுதிவைக்க ஒரு நோட்டு போதும். புதிய கருவிகளைக் கற்கும் ஆர்வமும் இப்படித்தான் பிழைக்கும். வேலை நேரத்துக்குள் வாரத்தில் அரை நாள் கற்பதற்கு என்று ஒதுக்குகிற இடத்தில் கற்றல் இன்பமாக இருக்கும். இரவு பதினொரு மணிக்கு மேல் சொந்தச் செலவில் கற்றுக்கொள் என்கிற இடத்தில் அது இன்னொரு கெடுவாகிவிடும்.

அதுவரை தனி ஆள் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லையா? உண்டு, அதைச் சிறிதாக்கிச் சொல்லவும் விருப்பமில்லை. ஜெர்மனியின் சபீன் சோனென்டாக் வேலைக்குப் பின் மனம் வேலையிலிருந்து விலகுவதைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆய்ந்தவர். உடல் வீட்டிலிருந்தும் மனம் அலுவலகத்தில் இருந்தால் ஓய்வு ஓய்வாகக் கணக்காகாது என்பது அவர் ஆய்வுகளின் சாரம். வேலைச் செய்திகளுக்குத் தனிக் கைபேசி, முடிந்தபின் மூடுவதற்கு ஒரு கதவு, மனம் வேறொன்றில் முழுதாக இறங்கும் ஒரு மணி நேரம் என்பவை உண்மையிலேயே உதவும். ஆனால் ஒரே கூடத்தில் நான்கு பேர் புழங்கும் வீட்டில் அந்தக் கதவு எங்கே? ‘வீட்டுலதானே இருக்கான்’ என்று ரேஷன் கடைக்கும் அனுப்பி, ‘எப்பப் பாரு லேப்டாப்பு’ என்று திட்டவும் செய்கிற குடும்பத்துக்கு இந்த வேலையின் வடிவமே இன்னும் பிடிபடவில்லை. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில், 1950களின் இறுதியிலேயே, சிகிச்சைக்கு வருபவரோடு குடும்பத்தினரும் தங்கும் முறை தொடங்கியது; உலகின் பல மருத்துவமனைகள் நோயாளியைக் குடும்பத்திடமிருந்து பிரித்து வைத்திருந்த காலம் அது. தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால், வாழப் பிடிக்கவில்லை என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால், அந்த மாதிரி இடத்துக்குப் போவதில் வெட்கம் எதுவுமில்லை. உடனே பேச, அரசின் டெலி-மானஸ் எண் 14416 இரவு பகலாகத் திறந்திருக்கிறது.

எஞ்சியிருப்பது சிறு நிறுவனங்களின் கேள்வி. வேலூரிலும் ஆம்பூரிலும் இணையத் தொழில் என்பது பெரும்பாலும் ஐந்து பேர், பத்துப் பேர் கொண்ட கடைகளும் வீட்டிலிருந்து தனியாக வேலை எடுப்பவர்களும்தான். அங்கே முதலாளியே முதலில் கருகுகிறவர். யாரிடம் உரிமை கேட்பது? ஃபிரான்ஸ் 2017-லும் ஆஸ்திரேலியா 2024-லும் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமையைச் சட்டமாக்கின. இந்தியாவில் அது தனிநபர் மசோதா அளவில் நிற்கிறது. சட்டம் வரும்வரை சிறு நிறுவனத்தின் கையில் இருப்பது ஒப்பந்தத் தாள். ஷூ ஏற்றுமதி செய்பவர் அவசர ஆர்டருக்கு விமானச் செலவு யாருடையது என்று முன்கூட்டியே எழுதிவைப்பார். அதுபோல, இந்திய நேரம் இரவு ஒன்பதுக்குப் பின்வரும் அழைப்புக்கும் ஞாயிற்றுக்கிழமைத் திருத்தத்துக்கும் இரட்டைக் கட்டணம் என்று வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கலாம். அந்தக் கூடுதல் பணம் விழித்திருந்தவரின் சம்பளத்தில் சேரும் என்று உள்ளே இன்னொரு வரி. சில வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள், ஒருவர் இருவர் போகவும் செய்யலாம். மற்றவர்கள் விஷயத்தில், அவசரம் என்று சொல்லப்பட்ட வேலைகளில் உண்மையிலேயே அவசரமானவை எத்தனை என்பது முதல் மாத பில்லிலேயே தெரிந்துவிடும்.